கடலோர வீடுகளில் டி.வி.யையும் ஆம்ப்ளிஃபயரையும் நாமே பழுதுபார்ப்பது

புதுச்சேரி வைத்திக்குப்பத்திலோ கடலூர் தேவனாம்பட்டினத்திலோ ஒரு வீட்டு டி.வி. நின்றுபோனால், பார்க்க வருபவர் வாயிலிருந்து முதலில் வருவது பெரும்பாலும் "போர்டு போச்சு" என்பதாகத்தான் இருக்கும். போர்டை, அதாவது உள்ளேயுள்ள மின்சுற்றுப் பலகையை, மாற்றினால் டி.வி. ஓடும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கடற்காற்று நேராகப் படும் வீடுகளில் போர்டிலுள்ள ஐ.சி. (மின்சில்லு) எரிந்துபோவதைக் காட்டிலும், அந்தப் போர்டுக்கு மின்சாரமும் சிக்னலும் வந்துசேரும் இணைப்புகள் உப்பேறிக் கெடுவதே அதிகம் என்பது என் கணிப்பு. ஆகவே முதலில் துடைத்துப் பார்ப்பது, துடைத்தும் சரியாகாவிட்டால் அளந்து பார்ப்பது, அளந்த பிறகே உதிரி வாங்குவது என்ற வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

காற்றோடு வரும் நுண்ணிய உப்புத் துகள்கள் டி.வி.யின் பின்பக்கத் துளைகள் வழியே உள்ளே போய், தூசியோடு சேர்ந்து போர்டின் மேல் படிகின்றன. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது காற்றிலிருந்தே நீரை இழுத்துக்கொண்டு கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு ஏறத்தாழ 33 சதவீதமே போதும். நம் கரையோரத்தில் ஐப்பசி கார்த்திகையில் மட்டுமின்றிக் கோடை இரவுகளிலும் காற்று ஈரமாகவே இருப்பதால், போர்டின் மேல் படிந்த தூசி முழுமையாக உலர்வதே இல்லை. அந்த ஈரப்படலம் மின்சாரத்தைக் கடத்தி, அருகருகே ஓடும் இரு செம்புத் தடங்களுக்கு இடையே கசிவை உண்டாக்குகிறது. நாளடைவில் செம்பைப் பச்சையாகவும் வெள்ளீயப் பூச்சை வெண்சாம்பலாகவும் அரித்துவிடுகிறது. மழைக்காலத்தில் காலையில் உயிரே இல்லாமல் கிடந்த டி.வி., வெயில் ஏறியதும் தானாக ஓடத் தொடங்கினால், பழுது எந்த வகை என்பது பாதி தெரிந்துவிட்டது என்றே கொள்ளலாம்.

கை வைக்கக் கூடாதவை

வாரண்டி முடியாத பொருளைத் திறக்க வேண்டாம். பின்னால் பெருத்த பழைய குழாய் டி.வி.யையும் திறக்க வேண்டாம்; 2006 முதல் தமிழ்நாடு அரசு இலவசமாக வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளில் சில இன்னும் கடலூர்ப் பக்கத்து வீடுகளில் இருக்கின்றன, அவற்றின் படக்குழாயில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் நிற்கும், அது பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உடனே இறங்கிவிடாது. திரையில் உடைசல் இருந்தாலோ, மேலிருந்து கீழாக நிலையான வண்ணக் கோடுகள் விழுந்திருந்தாலோ, பெரும்பாலும் பேனலின் (படம் தெரியும் திரைப் பலகையின்) விளிம்பில் ஒட்டப்பட்டுள்ள மெல்லிய படலக் கேபிள்கள் கெட்டிருக்கும். அவற்றை வீட்டில் ஒட்ட முடியாது, பேனலை மாற்றும் செலவும் புது டி.வி.யின் விலையை நெருங்கிவிடும். அப்படிப்பட்டதைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவதைவிட, 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள மின்கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பது நல்லது.

எல்.இ.டி. டி.வி.க்குள்ளும் ஆபத்து உண்டு. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும்போது அது ஏறத்தாழ 325 வோல்ட்டாக உயர்ந்து, மின்சாரம் முதலில் வந்துசேரும் பவர் போர்டிலுள்ள மிகப்பெரிய கெப்பாசிட்டரில் (மின்னைத் தேக்கிவைக்கும் உருளையில்) சேர்ந்து நிற்கும். சில பெரிய டி.வி.களில் இது 380 வோல்ட்டையும் தாண்டும். ஆகவே சுவிட்சை அணைப்பதோடு நில்லாமல் பிளக்கையே பிடுங்கிவிட்டு, ஐந்து நிமிடம் காத்திருந்து, மூடியைக் கழற்றியதும் முதல் வேலையாக அந்தக் கெப்பாசிட்டரின் இரு கால்களிலும் மல்டிமீட்டரை நேர்மின்சார 600 அல்லது 1000 வோல்ட் அளவில் வைத்துப் பார்க்க வேண்டும். மின்னழுத்தம் மிச்சமிருந்தால், 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் காப்பிட்ட ஒயரை இணைத்து, அந்தக் கால்களில் சில வினாடிகள் தொட்டு வடியவிட்டு, மறுபடியும் அளக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்து "டப்" என்று அடிக்கும் பழக்கம் மெக்கானிக்குகள் சிலரிடம் உண்டு. அது போர்டின் தடத்தையும் பெயர்க்கும், கண்ணிலும் தெறிக்கும். பவர் போர்டின் நடுவே வெள்ளைக் கோடோ அகலமான இடைவெளியோ இருக்கும். அதற்கு ஒரு பக்கம் நேரடி மின்தொடர்பு உள்ள பகுதி, மறுபக்கம் குறைந்த மின்னழுத்தப் பகுதி. மின்சாரம் ஓடும் நிலையில் அளக்க வேண்டியிருந்தால் இரண்டாவது பகுதியில் மட்டும், காலில் செருப்போடு, உலர்ந்த தரையில் நின்று, ஒரு கையால் அளப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கருவிகளுக்குப் பெரிய செலவில்லை. மல்டிமீட்டர், 25 வாட் சால்டரிங் அயர்ன், 60/40 ஈயக்கம்பி (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம்), உருகிய ஈயத்தை உறிஞ்சும் பம்ப், 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால், பழைய டூத் பிரஷ், கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே ஆகியவை போதும். புதிய போர்டுகளில் உள்ள ஈயமில்லாச் சால்டர் 217 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால், கழற்ற வேண்டிய காலில் முதலில் கொஞ்சம் 60/40 ஈயத்தைச் சேர்த்து உருக்கினால் எளிதாகப் பெயரும்.

திறக்காமலே தீரும் பழுதுகள்

படம் விட்டுவிட்டு வருகிறது, சிக்னல் இல்லை என்று செட்டாப் பாக்ஸ் சொல்கிறது என்றால், அதன் பின்னால் திருகப்பட்டிருக்கும் கேபிள் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். நடுக்கம்பி பளிச்சென்று செம்பு நிறத்தில் இருக்க வேண்டும். கருத்தோ பச்சை பூத்தோ இருந்தால், அரை அங்குலம் வெட்டிவிட்டுப் புது முனை போடுவதே வழி, ஏனென்றால் உப்பு மேலுறைக்கு உள்ளே பின்னலிலும் ஏறியிருக்கும். பாக்ஸ் தானாக அணைந்து அணைந்து எழுந்தால் அடாப்டரைச் சந்தேகிக்க வேண்டும். 12 வோல்ட் அடாப்டர் தனியாக அளக்கும்போது 12 காட்டும், பாக்ஸில் செருகியபின் 9, 10 என்று இறங்கிவிடும். அதே வோல்ட்டும், அதே ஆம்பியரோ கூடுதலாகவோ உள்ள வேறொரு அடாப்டரைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில் பழைய அடாப்டர்கள் மலிவாகக் கிடைக்கலாம் என்றாலும், மீட்டரைக் கையில் கொண்டுபோய் அளக்காமல் வாங்காதீர்கள்.

ரிமோட் வேலை செய்யாவிட்டால், செல்போனின் முன்பக்கக் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்கு நேரே பிடித்து ஒரு பட்டனை அழுத்துங்கள். திரையில் வெண்ணீல ஒளி மினுக்கினால் ரிமோட் நலம், பழுது டி.வி.யின் உணர்பகுதியில். ஒளி தெரியாவிட்டால் பேட்டரிப் பெட்டியின் சுருள் கம்பியில் வெள்ளைப் பூச்சு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கசிந்தது அல்கலைன் பேட்டரியென்றால் அது காரம். எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடைத்தால் போகும். சில பட்டன்கள் மட்டும் வேலை செய்யாதபோது, ஓட்டைப் பிளந்து, ரப்பர் பட்டனின் அடியிலுள்ள கருப்புக் கரிப்பட்டையையும் அது தொடும் தடத்தையும் மெதுவாகத் துடைக்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தக் கரிப்பட்டை போய்விடும்.

டி.வி.யைத் திறந்தபின்

அறிகுறியை முதலில் சரியாகப் பார்த்தால் வேலை பாதியாகிவிடும். சிவப்பு விளக்கே எரியாவிட்டால் பவர் போர்டு. விளக்கு எரிந்தும் டி.வி. எழாவிட்டால் கெப்பாசிட்டரோ பேக்லைட்டோ (திரைக்குப் பின்னால் ஒளி தரும் விளக்கு). ஒலி மட்டும் வந்து திரை இருட்டாக இருந்தால் பேக்லைட். கடைசி நிலையை உறுதிசெய்ய, அறையை இருட்டாக்கி டார்ச்சைத் திரையின் மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் பேனலும் மெயின் போர்டும் நன்றாகவே இருக்கின்றன, பின்னால் ஒளி தரும் எல்.இ.டி. பட்டைகள்தாம் கெட்டுவிட்டன. பட்டையில் உள்ள எல்.இ.டி.கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் ஒன்று அறுந்தாலும் அந்த வரிசை முழுவதும் அணைந்துவிடும்.

ஆனால் பெரிய கெப்பாசிட்டர் வடிந்துவிட்டதா என்பதைத் தவிர, திறந்த உடனே வேறெதையும் அளக்க வேண்டாம். முதலில் செல்போனில் நான்கு கோணங்களில் படம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு இணைப்பானாகக் கழற்றுங்கள். மெயின் போர்டிலிருந்து பேனல் பக்கம் படச் சிக்னலைக் கொண்டுபோகும் அகலமான எல்.வி.டி.எஸ். ரிப்பன் கேபிளின் இருபுறமும் சிறு கொக்கிகள் இருக்கும். சிலவற்றில் மேலே தூக்கும் கருப்பு மூடி இருக்கும். அவற்றை விடுவிக்காமல் இழுத்தால் கேபிள் கிழிந்துவிடும். கழற்றிய முனையைச் சாய்த்துப் பார்த்தால், பளபளக்க வேண்டிய மெல்லிய கோடுகளில் ஓரத்து நான்கைந்து மட்டும் மங்கி, அவற்றுக்கு இடையே பழுப்பு நிறத்தில் பொடி போல் ஏதோ தெரியும். பாதித் திரையில் படம், நிறம் மாறிய படம், ஒரு தட்டு தட்டினால் வரும் படம் என்று கடைக்கு வரும் பல டி.வி.களின் நோய் அந்தப் பொடிதான். கேபிளின் முனையை ஆல்கஹால் நனைத்த பஞ்சால் நீளவாக்கில் மட்டும் துடைத்து, இணைப்பானுக்குள் கான்டாக்ட் கிளீனரைச் சிறிது அடித்து, மூன்று நான்கு முறை செருகிச் செருகி எடுத்து, உலர்ந்தபின் நிலையாகப் பொருத்துங்கள். எண்ணெய்ப் பசை விடும் துரு நீக்கி ஸ்ப்ரேக்களை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அவை தூசியைப் பிடித்துவைக்கும்.

அடுத்து, பவர் போர்டை முழுமையாகக் கழற்றி, இருபுறமும் ஆல்கஹாலில் நனைத்த பிரஷால் தேய்த்துக் கழுவி, ஓரிரு மணி நேரம் மின்விசிறிக் காற்றில் உலரவிட வேண்டும். பெரிய கெப்பாசிட்டர்களும் காயில்களும் ஆடாமலிருக்கத் தொழிற்சாலையில் வைத்த மஞ்சள் பசை, வெப்பத்தில் காலப்போக்கில் பழுப்பாகி, ஈரத்தோடு சேர்ந்தால் மின்சாரத்தைக் கடத்தவும் அடியிலுள்ள தடத்தை அரிக்கவும் செய்யும். கருத்துப்போன பசையை மரக்குச்சியால் சுரண்டி எடுத்துவிடுங்கள். இவ்வளவோடு டி.வி. ஓடினால் மிச்சமுள்ள வேலைகளைத் தொட வேண்டியதில்லை.

ஓடவில்லையென்றால் கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டிய தலை சற்றே உப்பியிருந்தாலோ அடியில் கசிவு தெரிந்தாலோ அது முடிந்தது. குறைந்த மின்னழுத்தப் பகுதியில் உள்ள 10, 16, 25 வோல்ட் வகைகள்தாம் முதலில் போகும். கடையில் "அண்ணே, 1000 மைக்ரோ 25 வோல்ட், 105 டிகிரி, லோ ஈ.எஸ்.ஆர். இருக்கா" என்று இந்த நான்கையும் சொல்லிக் கேளுங்கள் (லோ ஈ.எஸ்.ஆர். என்பது உள் எதிர்ப்புக் குறைந்த வகை), 85 டிகிரி வகையைக் கொடுத்தால் வாங்க வேண்டாம். மைக்ரோஃபாரட் அதே அளவிலும், வோல்ட் அதே அளவிலோ கூடுதலாகவோ இருக்க வேண்டும், உடலில் கோடு போட்ட பக்கம் எதிர்முனை. கடலூரிலும் புதுச்சேரியிலும் கிடைக்காததைச் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைக்கலாம்.

பியூஸ் போயிருந்தால் அதற்குக் காரணம் தேடாமல் புதிது போடக் கூடாது. கண்ணாடிப் பியூஸின் உள்ளே கம்பி மட்டும் அறுந்திருந்தால் சாதாரண அதிர்ச்சி. கண்ணாடி முழுவதும் கருத்திருந்தால் பின்னால் ஷார்ட் இருக்கிறது என்று பொருள். மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபயரையும், அதை வேகமாக வெட்டி வெட்டி அனுப்பும் முதன்மை மாஸ்ஃபெட்டையும் மீட்டரின் டயோடு நிலையில் பார்த்து, ஏதேனும் இரு கால்களுக்கு இடையே மீட்டர் முனைகளை மாற்றி வைத்தாலும் பூஜ்யமே காட்டுவதைக் கழற்றுங்கள். புதிது போட்டபின் முதல் முறை நேராக மின்சாரம் கொடுக்காமல், 60 வாட் இழை பல்பைத் தொடராக இணைத்த டெஸ்ட் போர்டு வழியே கொடுக்க வேண்டும். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது. முழுப் பிரகாசத்தில் எரிந்தபடியே நின்றால் ஷார்ட் இன்னும் உள்ளே இருக்கிறது.

எல்.இ.டி. பட்டைகளை மாற்றும் வேலை 32 அங்குலம் வரை பொறுமையுள்ள இருவரால் முடியும்; அதற்குமேல் பேனலைத் தூக்கும்போதே வளைந்து உடையும் ஆபத்து இருப்பதால் நான் பரிந்துரைப்பதில்லை. மின்விசிறியை அணைத்துவிட்டு, மெத்தை மேல் துணி விரித்து, பேனலை அதன் அடியிலுள்ள படலக் கேபிள்கள் இழுபடாமல் எடுத்துவைத்து, அதற்கடியிலுள்ள ஒளித்தாள்களை எடுத்த வரிசை மாறாமல் அடுக்குங்கள். பட்டையில் அச்சிட்ட எண்ணையும் ஒவ்வொரு எல்.இ.டி.யும் 3 வோல்ட்டா 6 வோல்ட்டா என்பதையும் பார்த்து, கெட்ட ஒன்றை மட்டுமின்றி எல்லாப் பட்டைகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மாற்றியபின் அமைப்புகளில் பேக்லைட் அளவை முழுமையில் விடாமல் குறைத்து வைத்தால் அவை கூடுதல் காலம் உழைக்கும்.

புயலுக்குப் பின்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோதும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோதும், மின்கம்பங்கள் சாய்ந்து மின்சாரம் நின்றது. மின்சாரம் திரும்பும் நேரம் வெள்ளத்துக்கு இணையாகக் கருவிகளைக் கெடுக்கக் கூடியது. தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்திருந்தால் 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட் வரை வந்துவிடும். ஆகவே மின்சாரம் வந்து விளக்குகள் சீராக எரிவதை அரைமணி நேரம் பார்த்தபிறகே டி.வி. பிளக்கைச் செருகுங்கள். மின்னலின்போது பிளக்கோடு கேபிள் முனையையும் கழற்ற வேண்டும், ஏனென்றால் எச்.டி.எம்.ஐ. துளையும் மெயின் போர்டும் பல நேரம் அந்த வழியேதான் அடிபடுகின்றன.

அதிக மின்னழுத்தம் வந்திருந்தால் பியூஸுக்குப் பக்கத்தில் உள்ள வட்டமான வேரிஸ்டர் (மிகை மின்னழுத்தத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் உதிரி) வெடித்திருக்கும். 14டி471 போன்ற எண் அதன் மேல் இருக்கும். அதே எண்ணில் புதிது போட வேண்டும். அதைக் கழற்றிவிட்டாலும் டி.வி. ஓடும் என்பதால் சிலர் அப்படியே மூடிவிடுகிறார்கள், அடுத்த அதிர்ச்சி நேராகப் போர்டுக்குப் போய்ச் சேரும்.

வெள்ளநீர் புகுந்த டி.வி.யில் பேனல் நனைந்திருந்தால் முயற்சி வீண். சுவரில் மாட்டி, அடிப்பகுதி மட்டும் நனைந்ததென்றால் போர்டுகளைக் கழற்றி, சேறு காய்வதற்குள் குடிநீர் கேன் தண்ணீரால் கழுவி, பிறகு ஆல்கஹாலால் கழுவி, இரண்டு நாள் நிழல்காற்றில் உலர்த்தியபின் சீரிஸ் பல்பு வழியே மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாம். போர்டைத் தண்ணீரில் கழுவுவது பலருக்கு அச்சமாக இருக்கும். மின்சாரம் இல்லாத போர்டுக்கு நல்ல தண்ணீர் கெடுதல் செய்யாது, அதில் காய்ந்துபோகும் சேறும் உப்பும்தான் கெடுக்கும்.

ஆம்ப்ளிஃபயரும் ஹோம் தியேட்டரும்

இவற்றைப் பழுதுபார்ப்பது டி.வி.யைவிட எளிது. ஒலியளவைத் திருகும்போது கரகரப்பு வந்தால், திருகியின் பக்கத்திலுள்ள சிறு துளையில் கான்டாக்ட் கிளீனரை அடித்து, இருபது முறை முழுமையாகத் திருகினால் பெரும்பாலும் போய்விடும். ஒரு பக்கம் மட்டும் ஒலி வராவிட்டால் இரு ஸ்பீக்கர்களையும் இடம் மாற்றிப் பாருங்கள். ஒலி வராமை ஸ்பீக்கரோடு சேர்ந்து நகர்ந்தால் பழுது ஸ்பீக்கரில், அதே பக்கத்தில் நின்றால் ஆம்ப்ளிஃபயரில். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் மூன்றரை ஓம் அளவுக்குக் காட்டும், எதுவும் காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது.

ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, அது இணையும் இரு முனைகளுக்கு இடையே நேர்மின்சாரத்தை அளக்க வேண்டும். ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. பல வோல்ட் காட்டினால் வெளியீட்டு ஐ.சி. ஷார்ட், ஸ்பீக்கரைத் திரும்ப மாட்டினால் அதன் காயிலும் எரியும். நம் ஊர்களில் அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபயர்களில் டிடிஏ 2030 என்னும் ஐந்து கால் ஐ.சி. மிகுதி. அதன் உலோக முதுகு மின்வழங்கலின் எதிர்முனையோடு (மைனஸ்) உள்ளுக்குள் இணைந்திருப்பதால், பிளஸ், மைனஸ் என இரட்டை மின்வழங்கல் உள்ள பெட்டியில் வெப்பத் தகட்டுக்கும் அதற்கும் இடையே மைக்கா தகடும், திருகுக்கு ஒரு பிளாஸ்டிக் வளையமும் போட வேண்டும். பழையதைக் கழற்றும்போது அந்த மைக்கா கீழே விழுந்து தொலைவது வாடிக்கை. பொருத்தியபின் முதுகுக்கும் பெட்டிக்கும் தொடர்பு இல்லை என்பதை மீட்டரில் உறுதிசெய்துவிட்டு மின்சாரம் கொடுங்கள்.

ஒலியளவைக் குறைத்தாலும் மாறாத "ம்ம்ம்" என்ற இரைச்சல், மின்மாற்றிக்கு அடுத்துள்ள 3300 அல்லது 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள் வலுவிழந்ததைக் காட்டும். ஒலியைக் கூட்டும்போது இரைச்சலும் கூடினால் ஆடியோ ஒயரின் நடுக்கம்பியைச் சுற்றியுள்ள கம்பிப் பின்னல் அறுந்திருக்கும்.

டி.வி.யையும் ஆம்ப்ளிஃபயரையும் இணைக்கும்போது விரலில் சுருக்கென்று இழுப்பது பழுது என்று பலர் நினைக்கிறார்கள். எர்த் இல்லாத இணைப்பில், பவர் போர்டின் இரைச்சல் வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள் வழியே பெட்டியின் உலோகப் பகுதியில் ஏறத்தாழ 115 வோல்ட் மிதக்கும். மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு என்பதால் இழுப்பு மட்டும் தெரியும். ஆளுக்கு ஆபத்து குறைவென்றாலும் எச்.டி.எம்.ஐ. துளைக்கு அது நல்லதல்ல. எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கியபின் ஒயர்களை இணைத்து, பிறகு மின்சாரம் கொடுங்கள். வலுவாக அடித்தால் அது வேறு விஷயம், உடனே வீட்டு ஒயரிங்கைப் பார்க்க வேண்டும்.

மூடுவதற்கு முன்

சரிசெய்த போர்டின் மேல், இணைப்பான்களையும் வெப்பத் தகடுகளையும் மறைப்பு டேப்பால் ஒட்டிவிட்டு, அக்ரிலிக் காப்பு ஸ்ப்ரேயை மெல்லிசாக ஒரு முறை அடித்தால் உப்பு ஏறுவது தள்ளிப்போகும். கழுவி நன்றாக உலர்ந்த போர்டில் மட்டுமே அடிக்க வேண்டும். ஈரத்தின் மேல் அடித்தால் உப்பை உள்ளே பூட்டிவைத்ததாகிவிடும். மூடியைப் போட்டு இரண்டே திருகுகளால் நிறுத்தி, இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டு, அணைத்து ஆறியபின் மறுபடியும் எழுகிறதா என்று பார்த்துவிட்டு மற்றத் திருகுகளைப் போடுங்கள். கடலைப் பார்த்த சன்னலுக்கு நேரே டி.வி.யை மாட்டியிருந்தால் எதிர்ச்சுவருக்கு மாற்றிவிடுவதும், மழைக்காலத்தில் பார்க்காவிட்டாலும் நாள்தோறும் ஒரு மணி நேரம் ஓடவிட்டு உள்ளே சூடு ஏறச் செய்வதும் அடுத்த பழுதைத் தள்ளிப்போடும்.